கணவாய்க் காற்றில் குடுவைச்செடி

செங்கோட்டையில் நெப்பந்தஸ் வளர்க்கிறேன் என்றால் செடி வளர்ப்பவர்களிலேயே பாதிப் பேர் நம்புவதில்லை. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் என்று கடல் தாண்டிய தீவுகளின் மழைக்காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி அது. இலை நுனியிலிருந்து ஒரு பற்றுக்கொடி நீளும். அதன் முனை பருத்து, உப்பி, ஒருநாள் மூடி திறந்து குடுவையாகத் தொங்கும். உள்ளே விழும் எறும்பையும் ஈயையும் குடுவை நீர் கரைத்துச் செடிக்குக் கொடுக்கும். தென்னையும் நெல்லும் விளைகிற ஊரில் இதைத் தொங்குதொட்டியில் பார்ப்பவர்கள் பிளாஸ்டிக்கா என்று முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கிறார்கள். எட்டிப் பார்த்தவர் யாரும் ஒரு கேள்வியாவது கேட்காமல் நகர்ந்ததில்லை.

என் நர்சரியில் இருப்பவை எல்லாமே கலப்பினங்கள். இரண்டு இனங்களைச் சேர்த்து எடுத்தவை, அல்லது கலப்பினத்தையே இன்னொன்றோடு சேர்த்து எடுத்தவை. சேகரிப்பாளர்களில் சிலருக்குக் கலப்பினம் என்றால் இளக்காரம். சுத்தமான காட்டு இனம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஊருக்குக் கலப்பினம்தான் சரி, காட்டுக்கும் அதுதான் நல்லது என்பது இத்தனை வருஷம் இந்தச் செடியோடு இருந்ததில் எனக்கு உறுதியாகிப் போன விஷயம்.

இந்த ஊர் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும். செங்கோட்டை மலைக்கு வாசல். மேற்கே புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறினால் அந்தப் பக்கம் ஆண்டு முழுக்க ஈரம் விலகாத காடு. கிழக்கே இலஞ்சி, தென்காசி, பாவூர்சத்திரம் என்று போகப் போக காற்று உலர்ந்துகொண்டே வரும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்து, அதற்குப் பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. வானிலையிலும் அப்படித்தான், இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி. ஆனி, ஆடியில் கணவாய் வழியாகக் காற்று அள்ளிக்கொண்டு வரும் சாரல், வெயில் அடிக்கும்போதே முகத்தில் தெறிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து அடைமழை. மாசி பிறந்துவிட்டால் சித்திரை முடியும்வரை பகலில் அனல். இந்த மூன்றையும் ஒரே தொட்டியில் நின்றுகொண்டு தாங்குகிற செடிதான் இங்கே பிழைக்கும்.

தாங்குமா என்று சந்தேகப்படுகிறவர்களைச் சீசன் நேரத்தில் குற்றாலம் பழக்கடைகளுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் எல்லாம் குவிந்து கிடக்கும். மூன்றுமே மலாய் நாட்டுப் பக்கத்து மரங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே குற்றாலத்தில் சாதிக்காயும் கிராம்பும் வைத்து வளர்த்தார்கள். அவை மொலுக்காஸ் தீவுகளின் பயிர்கள். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830களில் இங்கே வந்து செடி சேகரித்து, இந்த மலையின் தாவர வளத்தைப் பற்றி எழுதினார். அந்தத் தீவுகளின் மரங்களுக்கு ஒத்துப்போன மலையடிவாரத்தில், அதே காடுகளின் கொடி ஒன்று ஒத்துப்போவதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. எந்தக் கொடி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நெப்பந்தஸில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றை வளர்ப்பவர்கள் தாழ்நில இனம், மலையினம் என்று பிரித்துப் பேசுவார்கள். போர்னியோவின் கினபாலு மலையில் 1500 மீட்டருக்கு மேல் வளரும் ராஜா என்ற இனத்துக்கு உலகத்திலேயே பெரிய குடுவைகளில் ஒன்று. ஆனால் அதற்கு ராத்திரியில் நல்ல குளிர் வேண்டும். செங்கோட்டையின் சித்திரை ராத்திரி அதற்கு ஆகாது. தாழ்நில இனங்கள் வெயிலைத் தாங்கும், ஆனால் மார்கழிப் பனியிலும் உலர்ந்த காற்றிலும் குடுவை போடாமல் முரண்டு பிடிக்கும். இரண்டையும் சேர்த்து எடுத்த கலப்பினத்துக்கு இரண்டு பக்கத்துக் குணமும் வரும், வீரியமும் கூடும். கடைகளில் அதிகம் கிடைக்கும் வென்ட்ராட்டா அப்படித்தான். பிலிப்பைன்ஸின் அலாட்டா கூட்டத்துச் செடியும் வென்ட்ரிகோசா என்ற மலையினமும் சேர்ந்தது. மிராண்டா என்ற பெரிய குடுவைக்காரிக்குச் சரவாக்கின் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் நார்த்தியானா ஒரு பாட்டி. நியூகினி, சுலாவெசி பக்கத்து மேக்சிமா இன்னொரு பக்கத்து உறவு. நார்த்தியானாவின் பெயர் ஓவியர் மேரியான் நார்த்திடமிருந்து வந்தது. 1876இல் அவர் சரவாக்கில் வரைந்த குடுவையின் படத்தைப் பார்த்துத்தான் லண்டன் வெய்ட்ச் நர்சரி அந்தச் செடியைத் தேடி ஆள் அனுப்பியது. அதே நர்சரியில் ஜான் டொமினி 1862இலேயே முதல் செயற்கைக் கலப்பினத்தை எடுத்துக் காட்டியிருந்தார்.

கலப்பு என்பது மனிதன் செய்த கோணல் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காட்டிலேயே நெப்பந்தஸ் இனங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. வென்ட்ராட்டாவே இயற்கையாக உண்டானதுதான். ஆம்புல்லாரியாவும் ராஃப்ளேசியானாவும் பக்கத்தில் பக்கத்தில் வளரும் இடங்களில் ஹூக்கெரியானா என்ற கலப்பினம் தானாகவே முளைக்கிறது. இந்தக் கலப்புகள் மலடும் அல்ல. விதை பிடிக்கும், முளைக்கும், மறுபடி கலக்கும்.

வளர்ப்பு என்று வந்தால் முதல் காரியம் தண்ணீர். செடி சாவதில் பெரும்பங்கு பூச்சி கிடைக்காததால் இல்லை, தண்ணீரின் உப்பால். இந்தச் செடி வளரும் காட்டு மண்ணில் சத்தே கிடையாது. அதனால்தான் அது பூச்சியைப் பிடிக்கிறது. வேர் மிக மெல்லிசு, கருப்பாக இருக்கும். தொட்டியை மாற்றும்போது அதைப் பார்த்துவிட்டு அழுகிப்போச்சு என்று வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. வெட்டாதீர்கள், அதன் நிறமே கருப்புதான். அந்த வேருக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் எங்கள் போர் தண்ணீர் ஐந்நூறைத் தாண்டுகிறது. நெப்பந்தஸுக்கு ஐம்பதுக்குள் இருந்தால் சுகம், நூறு வரை பொறுக்கும். செங்கோட்டைக்கு வாய்த்த பெரிய வரம் வருஷத்தில் இரண்டு பருவ மழை. தகரக் கூரையிலிருந்து வழியும் முதல் மழையை வடிய விட்டு, அடுத்ததிலிருந்து தொட்டியில் பிடித்து மூடி வைத்துவிடுவேன். கோடை நீளும்போது ஆர்ஓ தண்ணீர். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கி நிறுத்தக் கூடாது. வேரும் அழுகும், கொசுவும் முட்டை வைக்கும்.

அடுத்தது நடும் கலவை. செம்மண், சாணி, மண்புழு உரம் மூன்றும் இதற்கு விஷம். தென்காசிப் பக்கம் பெண்கள் கையில் எந்தச் செடி போனாலும் முதலில் சாணி கரைத்து ஊற்றுவார்கள். மல்லிகைக்கு அது அமுதம், இதற்கு எமன். சத்து வேர் வழியாகத் தாராளமாகக் கிடைத்துவிட்டால், அதைத் தாங்கிப் பிழைக்கும் செடிகூடக் குடுவை போடுவதைக் குறைத்து இலையாகவே விட்டுக்கொண்டு போகும். நான் போடுவது தேங்காய் மட்டைத் துண்டும் பெர்லைட்டும் சரிபாதி, அதில் கொஞ்சம் நார்க்கழிவு, ஒரு கை மரக்கரி. நாற்றுக்கும் தண்டுத் துண்டுக்கும் மட்டும் ஸ்பேக்னம் பாசி. மட்டைக்கு இங்கே பஞ்சம் இல்லை. ஆனால் வாங்கிய நாளே போடக் கூடாது. தென்னை நாரில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறும் தண்ணீரில் அலசினால் முழுக்கப் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓரிரு நாள் ஊறவைத்தால் சோடியம் இடத்தை விட்டு வெளியேறும். பிறகு மழைத்தண்ணீரில், வடியும் நீரின் டிடிஎஸ் இறங்கும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். வேலை வாங்கும் காரியம்தான். இதைச் செய்யாத கலவையில் இலை நுனி பழுப்பேறுவதை இரண்டே மாதத்தில் பார்க்கலாம்.

வெளிச்சத்துக்கு 50 சதவீத நிழல்வலை போதும். காலை வெயில் நேரடியாகப் பட்டால் இன்னும் நல்லது. இலை கரும்பச்சையாக, துவண்டு, அழகாகத் தெரிந்தால் பலர் சந்தோஷப்படுகிறார்கள். அது வெளிச்சம் போதாததன் அறிகுறி. குடுவை வராது. இலை கொஞ்சம் வெளிறி, ஓரத்தில் சிவப்பு ஏறி நின்றால் அந்தச் செடி குடுவையைக் கொட்டப் போகிறது என்று அர்த்தம்.

காற்றின் ஈரம்தான் எங்கள் ஊரில் பெரிய சோதனை. பற்றுக்கொடியின் நுனியில் குடுவை மொட்டு கடுகளவில் இருக்கும்போது காற்று உலர்ந்துவிட்டால் அந்த மொட்டு கருகி நின்றுவிடும். அந்த இலைக்கு இனிக் குடுவை கிடையாது. பங்குனி, சித்திரையில் கிழக்குப் பக்கம் கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிடுகிறேன். தரையில் மணல் பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். மேற்கே கணவாய்ப் பக்கத்தை மட்டும் சாரல் காலத்தில் திறந்தே வைப்பேன். ஆடியில் அந்தக் காற்று சில நாள் தொட்டியையே சுழற்றி எறியும், அதற்குக் கம்பி கட்டிக்கொள்ளலாம். அந்த ஈரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

சாரல் நாளில் இந்தச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். குடுவையின் வாய்விளிம்பு நனைந்து பளபளக்கும். தேன் குடிக்க வந்த எறும்பு கால் வைத்த வேகத்தில் வழுக்கி உள்ளே போகும். அதே எறும்புகள் உலர்ந்த மத்தியானத்தில் அதே விளிம்பில் சாவகாசமாக நடந்துவிட்டுத் திரும்புவதையும் பார்க்கலாம். ஹோல்கர் போன், வால்டர் ஃபெடர்லே என்ற இருவர் இதை 2004இல் ஆராய்ந்து எழுதினார்கள். விளிம்பில் படரும் மெல்லிய நீர்ப்படலம்தான் பூச்சியின் காலை வழுக்க வைக்கிறது, விளிம்பு காய்ந்திருந்தால் பொறி வேலை செய்வதில்லை. ஆக, ஈரம் குடுவை உருவாவதற்கு மட்டுமில்லை, குடுவை உண்பதற்கும் வேண்டும். சாரல் அடிக்கும் மாதங்களில் என் செடிகள் ஏன் இத்தனை வேகமாகக் கொழுக்கின்றன என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து சொல்லும் புகாரும் பெரும்பாலும் ஈரத்தைப் பற்றியதுதான்.

"அண்ணாச்சி, போன மாசம் வாங்கிட்டுப் போனேம்லா, இருந்த குடுவை எல்லாம் கருகிப்போச்சு. செடி செத்துருமோ?"

"இலை பச்சையா இருக்கா தம்பி?"

"இலை நல்லாத்தான் இருக்கு. புதுசா ஒண்ணு விட்டுருக்கு."

"அப்பம் பயப்படாத. அந்தப் புது இலையோட நுனிய மட்டும் பாத்துக்கிட்டே இரு."

ஓர் இடத்துக் காற்றில் உருவான குடுவை இன்னோர் இடத்துக் காற்றில் நிலைக்காது. சங்கரன்கோவிலுக்கோ தூத்துக்குடிக்கோ போன செடி பழைய குடுவைகளை உதிர்த்துவிட்டு, புது இலைகளை அந்த ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி விடும். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை உரம் போடாமல், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காமல் விட வேண்டும். கருகிய குடுவையைக்கூட முழுசாக வெட்ட வேண்டாம். மேல்பாதி காய்ந்தாலும் கீழ்ப்பாதி பச்சையாக இருக்கும்வரை அது செரித்துக்கொண்டுதான் இருக்கும். வழியில் கவிழ்ந்து உள்நீர் கொட்டிவிட்டால் கால்வாசிக்கு மழைத்தண்ணீர் ஊற்றி வைக்கலாம்.

தீனி போடும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. கரப்பான், கறித்துண்டு, அவித்த முட்டை என்று குழந்தைகள் எதையாவது போடுவார்கள். இந்த ஆசை பெரிய விஞ்ஞானிக்கும் இருந்திருக்கிறது. ஜோசப் ஹூக்கர் முட்டை வெள்ளைக்கருவையும் பச்சை இறைச்சியையும் குடுவைக்குள் போட்டுப் பார்த்து, அவை கரைவதைக் கண்டு, 1874இல் பெல்ஃபாஸ்டில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் விளக்கினார். அவர் போட்டது சின்னத் துணுக்குகள். குடுவை தாங்குவதும் அவ்வளவுதான். வாய்வரை அடைத்தால் செரிப்பதற்குள் அழுகி, குடுவையும் சேர்ந்து அழுகிவிடும். வெளியில் தொங்கும் செடிக்கு நாம் எதுவும் போட வேண்டியதில்லை. மாடி வீட்டுக்குள் அடைபட்ட செடிக்கு, ஒரு குடுவைக்கு மாதம் ஒருமுறை மீன்தீவன உருண்டை இரண்டு போதும்.

நோய் நொடி அதிகமில்லை. வெயில் காலத்தில் மாவுப்பூச்சியும் இலைப்பேனும் வரும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுத்தால் போய்விடும். மழையில் நத்தை நாற்றைத் தின்னும். குற்றாலத்துப் பக்கம் வீடு உள்ளவர்களுக்குக் குரங்குதான் தொல்லை. குடுவையைப் பிய்த்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுப் போகும். அவர்கள் கம்பி வலைக்குள்தான் வளர்க்க வேண்டும்.

செடியைப் பெருக்குவதற்கு எளிய வழி தண்டுத் துண்டு. கொடி நீண்டு ஏறத் தொடங்கியதும் இரண்டு மூன்று கணுக்களோடு வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, அடியைச் சாய்வாகச் சீவி, ஈரப் பாசியில் நட்டு பாலித்தீன் பையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். வேர் பிடிக்க இரண்டு மாதம், சிலவற்றுக்கு அதற்கும் மேல். அசைத்துப் பார்க்கும் கை இருந்தால் வேர் பிடிக்காது. வெட்டிய தாய்ச்செடியும் அடியிலிருந்து புதுத் தளிர் விடும். கொடியை வெட்ட மனம் வராதவர்களின் செடி பத்தடி உயரம் போய், மேலே மெலிந்த குடுவைகளும் கீழே மொட்டைத் தண்டுமாக நிற்கும். வெட்டுங்கள்.

விதையிலிருந்து புதுக் கலப்பு எடுப்பது வேறு உலகம், அதில்தான் என் மனசு கிடக்கிறது. நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும்வரை எது எதுவென்று சொல்ல முடியாது. திசு வளர்ப்பில் வந்து கடைகளில் விற்கும் ஒரே பெயர்ச் செடிகள் ஒரு தாயின் நகல்கள் என்பதால் எல்லாம் ஒரே பாலாகவே இருக்கும், எத்தனை வாங்கினாலும் ஜோடி சேராது. ஆண் பூத்திருக்கும்போது பெரும்பாலும் பெண் பூக்காது. மகரந்தத்தை அலுமினியத் தாளில் மடித்து, ஈரம் படாமல் ஃப்ரீஸரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பெண் பூ விரிந்து சூல்முடி பிசுபிசுக்கும் காலையில் தூரிகையால் தொட்டு வைத்தால், மூன்று மாதத்துக்குள் காய் வெடித்து, நூல் துணுக்கு போன்ற விதைகள் வரும். அவற்றை உடனே தூவிவிட வேண்டும், சேமித்து வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும். முளைத்த நாற்று நகக்கண் அளவுகூட இருக்காது. விதையிலைகளுக்கு அடுத்து வரும் இலையிலேயே குடுவை இருக்கும், லென்ஸ் வைத்தால் மூடியும் தெரியும். ஒரே காயின் நாற்றுகளில் ஒன்று தாயின் புள்ளிகளோடு வரும், ஒன்று தந்தையின் வரிகளோடு வரும், ஒன்று யாரையும் கொள்ளாமல் வரும். எது நல்லது என்று தெரிய நாலைந்து வருஷம் ஆகும். ஒவ்வொரு தட்டிலும் நான் தேடுவது நிறத்தை அல்ல. சித்திரை மாதத்தில் மொட்டு கருகாமல் நிற்கும் நாற்றைத்தான் தாய்ச்செடியாக ஒதுக்கி வைக்கிறேன்.

வெப்பம் தாங்கும் குணத்துக்கு இலங்கைச் செடியை நம்பலாம். டிஸ்டில்லடோரியா என்ற இனம் உலகத்தில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்வது. சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளின் ஓரங்களில் பரவிக் கிடக்கும். சிங்களத்தில் பந்துரா என்பார்கள். அந்தத் தீவில்தான் போர்னியோ எக்ஸாட்டிக்ஸ் என்ற நிறுவனம் மலைச்சரிவில் நர்சரி அமைத்து, விதையிலிருந்தும் திசு வளர்ப்பிலிருந்தும் எடுத்த நெப்பந்தஸ்களை உலகம் முழுக்க அனுப்புகிறது. லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் தங்கப் பதக்கங்களும் வாங்கியிருக்கிறது. காட்டைத் தொடாமலே இந்தத் தொழிலைப் பெரிதாகச் செய்ய முடியும் என்பதற்கு நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் சான்று அது.

காட்டைத் தொடாமல் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் ஒன்றே ஒன்றுதான். காசியானா. மேகாலயாவின் காரோ, காசி, ஜெயிந்தியா மலைகளில் வளர்வது. 1873இல் அதற்குப் பெயர் வைத்ததும் அதே ஹூக்கர்தான். நான் அதை முதன்முதலாகப் பார்த்தது மேகாலயாவில் அல்ல. எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் போகும் பழைய சாலை, தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை தாண்டிப் பாலோடு வழியாகப் போகிறது. கேரளத்தில் அதைச் செங்கோட்டை ரோடு என்றே சொல்வார்கள். அந்தப் பாலோட்டில் 1979இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இருக்கிறது, இப்போது நேருவின் பெயரில். அங்கே காசியானாவை வளர்த்து ஆராய்கிறார்கள். புற ஊதா ஒளியில் குடுவையின் வாய்விளிம்பு நீலமாக ஒளிர்வதை அங்குள்ள ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். குடுவைக்குள் கரியமில வாயு வெளிக்காற்றை விடப் பல மடங்கு செறிந்திருப்பதை 2017இல் காட்டினார்கள். எங்கள் சாலையின் மறுமுனையில் நடந்த ஆராய்ச்சி என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

அந்தச் செடி மேகாலயாவில் சுரங்கத்துக்கும் சாலைக்கும் இடம் இழந்துகொண்டிருக்கிறது. பிடுங்கி விற்பவர்களாலும் குறைந்துகொண்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டியலிட்டுக் காக்கும் சில செடிகளில் அது ஒன்று. உரிமம் இல்லாமல் பிடுங்கவோ, வளர்க்கவோ, விற்கவோ கூடாது. நாடு விட்டு நாடு போகும் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் ராஜாவும் காசியானாவும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன, மற்ற நெப்பந்தஸ்கள் இரண்டாம் பட்டியலில். சுத்தமான காட்டு இனம் வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களில் அதிகம் பேர் கேட்பது இந்தக் காசியானாவைத்தான். அவர்கள் கையில் ஒரு கலப்பினத்தைக் கொடுத்து, ஒரு வருஷம் வளர்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்பேன். தொட்டியில் ஒரு மிராண்டா குடுவை குடுவையாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, மலையிலிருந்து பிடுங்கிய செடிக்கு ஆசைப்படத் தோன்றாது.

வளர்த்துப் பார்க்க நினைத்தால் சாரல் தொடங்கும் ஆனியில் வாங்குங்கள். கோடையில் வாங்காதீர்கள். பெற்றோர் எவை, தண்டுத் துண்டா, திசு வளர்ப்பா, விதையா என்று விற்பவரிடம் கேளுங்கள். வளர்த்தவருக்கு அது தெரிந்திருக்கும். யாராவது உரிமக் காகிதம் இல்லாமல் காசியானா என்று நீட்டினால் வாங்காமல் வந்து, வனத்துறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.